கன்ட்ரோலரைக் கையில் கொடுங்கள்

மாடல் ரயில் வைத்திருப்பவர் வீட்டுக்கு யாராவது வந்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான். விளக்கைப் போடுவார், இன்ஜினைச் சுற்றவிடுவார், இது எந்தக் காலத்து வண்டி, இந்தத் துரு நிறத்தை எப்படிக் கொண்டுவந்தார் என்று விவரிப்பார். வந்தவர் மரியாதைக்கு “அட, நிஜ ரயில் மாதிரியே இருக்கே” என்பார். மூன்றாவது சுற்றில் அவர் கை தானாக மொபைலைத் தேடும். ரயில்மேல் குற்றமில்லை, வந்தவர்மேலும் குற்றமில்லை. வேடிக்கை பார்க்க மட்டும் விட்டால் எவருக்கும் ஐந்து நிமிடம்தான். அதே ஆள் கையில் ரயிலை ஓட்டும் கன்ட்ரோலரைக் கொடுத்து, “அந்தச் சிவப்பு வேகனைக் கழற்றி மூன்றாவது சைடிங்கில் கொண்டுபோய் விடுங்க பார்ப்போம்” என்று சொல்லிப் பாருங்கள் (சைடிங் என்பது பக்கவாட்டில் பிரிந்து முடியும் கிளைத்தடம்). சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து வரமாட்டார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தன் லேஅவுட்டை, அதாவது மேஜைமேல் அமைத்த ரயில்பாதையை, தானே ஓட்டுபவருக்கு அதன் கோளாறெல்லாம் பழகிப்போயிருக்கும். ஓரத்து வளைவில் வேகத்தைக் குறைக்க வேண்டும், இரண்டாவது பாயிண்டில் (தடம் இரண்டாகப் பிரியும் இடம்) இன்ஜின் நின்றால் விரலால் லேசாக ஒரு தள்ளு தள்ள வேண்டும் என்பதையெல்லாம் யோசிக்காமலே செய்துவிடுவார். புதிதாகக் கன்ட்ரோலரைக் கையில் பிடிப்பவருக்கு அது எதுவும் தெரியாது. இன்ஜின் இரண்டு முறை நின்றால் போதும், எதையோ உடைத்துவிட்டோம் என்று பயந்து கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவரை மறுபடி உட்கார வைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஆகவே பகிர்வதற்கென்று லேஅவுட்டைத் தயார் செய்வது என்றால், முக்கால்வாசி, அறியாத கையிலும் அது நிற்காமல், தடம் புரளாமல் ஓடும்படி செய்வதுதான். மலை, மரம், ஸ்டேஷன் கட்டடம் எல்லாம் அதற்கு அப்புறம்.

யார் கைக்கு எந்த அளவு

வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஓட்ட எச்ஓ (HO) அளவுதான் நடுநிலை. 1:87 விகிதம், தண்டவாளத்தின் இரு கம்பிகளுக்கு இடையே 16.5 மி.மீ. கண்ணுக்கும் தெரியும், மேஜையிலும் அடங்கும். ‘என்’ (N) எனப்படும் அளவு (1:160, 9 மி.மீ.) பாதி இடத்தில் முழு ரயிலைத் தரும். ஆனால் கழன்ற பெட்டியைத் திரும்பத் தண்டவாளத்தில் ஏற்றுவது எட்டு வயதுப் பிள்ளைக்கும் சோதனை, விரல் நடுங்கும் பெரியவருக்கும் சோதனை. ஓ அளவும் (32 மி.மீ.) தோட்டத்தில் ஓட்டும் ஜி அளவும் (45 மி.மீ.) கையில் பிடிக்க அருமையாக இருக்கும். இடமும் பணமும் தாராளமாக இருந்தால் அவற்றுக்கு ஈடில்லை.

மூன்று வயதுக்குக் கீழே இவை எதுவும் வேண்டாம். பஃபர், கப்ளிங் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி), கைப்பிடிக் கம்பி எல்லாம் கழன்று வாய்க்குப் போகும் அளவில்தான் இருக்கின்றன. அந்த வயதுக்கு மரத் தண்டவாளம் இருக்கிறது. பிரியோ நிறுவனம் 1958-இல் கொண்டுவந்த அந்த வடிவம் இன்றும் மாறவில்லை. ரிமோட்டில் பட்டன் பேட்டரி இருந்தால் அதன் மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பட்டன் பேட்டரியையோ, கழன்று வந்த சிறு காந்தத்தையோ குழந்தை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும், தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதில் பொறுத்துப் பார்ப்போம் என்ற பேச்சே கிடையாது.

விருந்தாளிக்குக் கொடுக்கும் இன்ஜினைப் பற்றி ஒரு கண்டிப்பு: உங்களிடம் இருப்பதிலேயே அழகானதைக் கொடுக்காதீர்கள். நீராவி இன்ஜின் பார்க்க ராஜா. ஆனால் அதன் பக்கவாட்டுத் தண்டுகளும் நுணுக்கமான குழாய்களும் கையில் எடுத்தவுடன் வளைவதற்கென்றே இருப்பவை. இரண்டு போகி (அடியில் தனியாகத் திரும்பும் சக்கரத் தொகுதி) உள்ள டீசல் இன்ஜின்தான் சரி. எட்டுச் சக்கரங்களிலும் மின்சாரம் எடுக்க வேண்டும், உடம்பு வழவழப்பாக இருக்க வேண்டும், கொஞ்சம் கனமாகவும் இருக்க வேண்டும். நான்கே சக்கரம் உள்ள குட்டி இன்ஜின் குழந்தைக்குப் பிடிக்கும்தான். ஆனால் பாயிண்டின் நடுவே வரும் பிளாஸ்டிக் பகுதியில் அதன் ஒரு சக்கரத்துக்கு மின்சாரம் இருக்காது, அதே பக்கத்து மற்றச் சக்கரத்தில் துளி அழுக்கு இருந்தாலும் அங்கேயே நின்றுவிடும்.

மேஜை, வளைவு, மின்சாரம்

தரையில், அதுவும் கம்பளத்தின்மேல், தண்டவாளம் போடுவது முதல் நாள் மட்டும் சரி. நூலும் முடியும் அச்சில் சுற்றிக்கொள்ளும், பல்சக்கரத்துக்குள் போனால் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு பிளைவுட் பலகை போதும். 438 மி.மீ. ஆரமுள்ள வளைவு போட்டால் வட்டத்தின் குறுக்களவு 876 மி.மீ. ஆகிறது. வளைவில் நீளப் பெட்டியின் மூலைகள் வெளியே நீட்டிக்கொள்ளும் என்பதால் இருபுறமும் 6 செ.மீ. சேர்த்துக்கொண்டால் பலகை ஒரு மீட்டர் அகலம் இருக்க வேண்டும். 122 × 183 செ.மீ. பலகையில் இரட்டைத் தடமே போடலாம். அதற்குச் சிறிய 371 மி.மீ. ஆரத்தில் குட்டி வேகன்கள் ஓடும், நீளமான பயணிகள் பெட்டிகள் முனகிக்கொண்டே போகும்.

உயரத்தில் பலர் தப்பு செய்கிறார்கள். நின்று பார்க்கும் பெரியவர்களுக்கு 110 செ.மீ. உயரம் அழகு, ரயில் கண் மட்டத்தில் தெரியும். ஆனால் ஆறு வயதுக் குழந்தைக்கு அது சுவர். 70 முதல் 75 செ.மீ. வைத்தால் குழந்தை நின்றும் பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தும் ஓட்டலாம். மேஜை ஓரத்தில் 5 செ.மீ. உயரத்துக்கு ஒரு விளிம்பு கட்டாயம். பலகையிலிருந்து தரைக்கு விழுந்த இன்ஜினுக்குப் பெரும்பாலும் கதை முடிந்தது. கை எட்டும் தூரம் 60–70 செ.மீ.தான். அதற்கு அப்பால் பாயிண்டோ சைடிங்கோ வைத்தால் எட்டிப் பிடிக்கிறேன் என்று யாராவது முழங்கையை ஸ்டேஷன் மேல் ஊன்றுவார்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் வீட்டு மின்சாரத்தில் செருகும் பொருள். சான்று பெற்ற, மூடிய பெட்டியாக, குழந்தை கை எட்டாத இடத்தில் இருக்கட்டும். தண்டவாளத்துக்கு வரும் 12 வோல்ட்டைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. தூரத்து மூலையில் ரயில் தளர்ந்துபோனால் இன்ஜினைக் குறை சொல்லாதீர்கள். ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட்டேஜ் குறைகிறது. எதிர்ப்பக்கத்திலும் ஒரு ஜோடி ஒயர் கொடுத்தால் சரியாகிவிடும்.

குழந்தைகளிடம் தண்டவாளத் துண்டுகளைக் கொடுத்து நீங்களே போடுங்கள் என்று விட்டால் இரண்டு காரியம் நிச்சயம் நடக்கும். ஒன்று, பாலம் கேட்பார்கள். ஒரு தடம் இன்னொன்றின்மேல் போக எச்ஓ-வில் சுமார் 8 செ.மீ. உயர வேண்டும். 50 செ.மீ.க்கு 1 செ.மீ. என்று ஏறினால் ஏற்றத்துக்கு மட்டும் 4 மீட்டர் வேண்டும், இறங்க இன்னொரு 4 மீட்டர். அவசரப்பட்டுச் செங்குத்தாக ஏற்றினால் இன்ஜின் சக்கரம் சுழன்றுகொண்டே நிற்கும். இரண்டாவது, தடம் வளைந்து வந்து தன்னோடு தானே சேரும் ஒரு வளையம் போடுவார்கள். இரண்டு கம்பித் தண்டவாளத்தில் இடக்கம்பி சுற்றிவந்து வலக்கம்பியோடு சேர்ந்துவிடும், உடனே ஷார்ட் சர்க்யூட். ஒரு கம்பியைச் சிவப்பு நூலாலும் மற்றதைப் பச்சை நூலாலும் போட்டுக் காட்டினால் பத்து வயதுப் பிள்ளை தானே கண்டுபிடித்துவிடும். நடுவே வரிசையாகப் புள்ளித் தொடுமுனைகள் உள்ள மார்க்ளின் நிறுவனத் தடத்தில் இந்தத் தொல்லை கிடையாது.

தடம் புரள்வதைத் தேடிப் பிடிப்பது

ரயில் எங்கே வேண்டுமானாலும் புரளாது, ஒரே இடத்தில்தான் புரளும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கக் கண்ணைவிட நகம் நம்பகமானது. இணைப்பின்மேல் நகத்தை வைத்துக் கம்பியின் உள்விளிம்போடு மெதுவாக இழுங்கள். தடுக்கினால் ஒரு கம்பி, இரு கம்பிகளை இணைக்கும் தகடான ஃபிஷ்பிளேட்டுக்குள் போகாமல் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். மேலிருந்து பார்க்கும்போது தெரியாது. கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குத் தாழ்த்தி நீளவாக்கில் பார்த்தால் கால் மில்லிமீட்டர் மேடுகூடத் தெரியும். கழற்றி, ஃபிஷ்பிளேட்டை நுனிக் குறட்டால் லேசாக நெரித்து, திரும்பச் செருகினால் போதும்.

தடம் சரியாக இருந்தும் ஒரே வேகன் திரும்பத் திரும்பப் புரண்டால் சக்கரத்தைப் பாருங்கள். எச்ஓ-வில் இரு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு இடையே ஏறக்குறைய 14.4 மி.மீ. இருக்க வேண்டும். நெருங்கியிருந்தால் பாயிண்டின் நடுவில் ஏறிக் குதிக்கும். வேகன் லேசாக இருந்தாலும் வளைவில் புரளும், முக்கியமாக ரயிலைப் பின்னோக்கித் தள்ளும்போது. அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்பாதைச் சங்கமான என்எம்ஆர்ஏ பரிந்துரைக்கும் கணக்கு எச்ஓ-வுக்கு இப்படி: அடிப்படையாக 28 கிராம், அதோடு நீளத்தில் ஒவ்வொரு செ.மீ.க்கும் 5.6 கிராம். 15 செ.மீ. வேகன் 112 கிராம் இருக்க வேண்டும். சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்துக் குறைந்தால் உள்ளே நட்டோ வாஷரோ ஒட்டுங்கள், தரைக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது.

இடது வளைவை ஒட்டியே வலது வளைவு வைத்தால் அடுத்தடுத்த பெட்டிகளின் முனைகள் எதிரெதிர்ப் பக்கம் இழுத்துக்கொள்ளும், கப்ளிங் அதில் தெறிக்கும். நடுவே உங்கள் மிக நீளமான பெட்டி அளவுக்காவது நேர்த்தடம் வேண்டும். பாயிண்டில் புரண்டால் நகரும் நாக்குக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு ஜல்லித் துகள் மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதிப் பிரச்சினை அதுவாகத்தான் இருக்கும்.

சரிபார்த்தாகிவிட்டது என்று எப்படித் தெரியும்? இருப்பதிலேயே நீளமான ரயிலை விருந்தாளி ஓட்டக்கூடிய அதிக வேகத்தில், முன்னோக்கிப் பத்துச் சுற்று, பின்னோக்கித் தள்ளிக்கொண்டு பத்துச் சுற்று விடுங்கள். ஒருமுறைகூடப் புரளக் கூடாது. அப்படியும் ஒரு சாய்வுப் பலகை மேஜையில் இருக்கட்டும். அதன்மேல் பெட்டியை உருட்டிவிட்டால் சக்கரங்கள் தாமாகத் தண்டவாளத்தில் உட்கார்ந்துகொள்ளும், புரண்டாலும் வந்தவரே ஏற்றிக்கொள்வார்.

அழுக்கு

இன்ஜின் திக்கித் திக்கிப் போனால் பத்துக்கு ஒன்பது அழுக்குதான். சக்கரத்துக்கும் கம்பிக்கும் நடுவே நுண்ணிய தீப்பொறி தெறித்துக் கரியும் ஆக்சைடும் படிகிறது. அதில் விரல் எண்ணெயும் தூசியும் சேர்ந்தால் கறுப்புப் பிசின் ஆகிவிடும். பிளாஸ்டிக் சக்கரங்கள் அதை லேஅவுட் முழுக்கக் கொண்டுபோய்ப் பூசும் என்பதால் வேகன்களுக்கு உலோகச் சக்கரம் மாற்றுவது வீண் செலவல்ல.

90 சதவீதத்துக்கு மேலான ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நூல் உதிராத துணியில் தொட்டுக் கம்பியின் மேற்பரப்பைத் துடையுங்கள். உப்புக்காகிதம் வேண்டவே வேண்டாம். அது போடும் கீறல்களில்தான் அடுத்த அழுக்கு தங்கும். தண்டவாளத்தைத் துடைத்துவிட்டுச் சக்கரத்தை விட்டுவிட்டால் அரைமணியில் பழைய கதை. சக்கரத்துக்குச் சுலபமான வழி: ஒரு காகிதத் துவாலையைத் தண்டவாளத்தின் குறுக்கே விரித்து ஆல்கஹாலில் நனையுங்கள். இன்ஜினின் முன் போகி துவாலையின்மேல், பின் போகி வெறும் கம்பியின்மேல். இன்ஜினைக் கையால் பிடித்துக்கொண்டு மூன்றில் ஒரு பங்கு வேகம் கொடுங்கள். சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று துவாலையில் இரண்டு கறுப்புக் கோடுகள் போடும். துவாலையை நகர்த்தி, கோடு சாம்பல் நிறமாகும்வரை செய்து, பிறகு இன்ஜினைத் திருப்பி வைத்து அடுத்த போகி. ரப்பர் வளையம் போட்ட சக்கரத்தை மட்டும் இதில் ஊறவிடாதீர்கள். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். அந்தக் கறுப்புக் கோடு அவர்களுக்கு ரயில் ஓடுவதைவிடப் பெரிய அதிசயம்.

குமிழும் டீகோடரும்

சாதாரண டிசி (நேர்மின்னோட்ட) கன்ட்ரோலரில் ஒரு தடத்துக்கு ஒரு குமிழ்தான். இரண்டு பிள்ளைகள் இருந்தால் இரண்டு தனித்தனி வட்டம், ஆளுக்கொரு கன்ட்ரோலர். ஒன்றை மாற்றி மாற்றி ஓட்டுங்கள் என்று சொல்லிப் பயனில்லை, சமாதானத் தூதுவராக நீங்கள்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். குமிழில் பாதுகாப்பான வேகத்துக்கு எதிரே ஒரு வெள்ளைப் புள்ளி வையுங்கள். “புள்ளியைத் தாண்டக் கூடாது” என்பது நாலு வயதுக்கும் புரியும் விதி.

டிசிசி எனும் டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறை என்றால் ஒரே தடத்தில் பல இன்ஜின்களைத் தனித்தனியாக ஓட்டலாம். பிறரோடு ஓட்டுவதற்கு இதுதான் உண்மையான வசதி, ஆனால் சில முன்வேலைகள் உண்டு. பெரும்பாலான புது இன்ஜின்கள் முகவரி 3 என்றே வரும். மாற்றாமல் இரண்டைத் தடத்தில் வைத்தால் ஒரு குமிழுக்கு இரண்டும் கிளம்பும். இன்ஜின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணையே முகவரியாக வையுங்கள், புதியவர் பார்த்ததும் அடித்துக்கொள்வார். அடுத்து அதிவேகம். இன்ஜினுக்குள் இருக்கும் டீகோடர் சிப்பின் அமைப்பு எண்களைச் சிவி என்பார்கள், அதில் சிவி5-தான் உச்ச வேகம். 255 வரை எடுக்கும் டீகோடரில் 100-லிருந்து 130-க்குள் வைத்தால் குமிழை முழுக்கத் திருப்பினாலும் வளைவில் பறக்காது.

சிவி3, சிவி4 இரண்டும் வேகம் ஏறும், இறங்கும் நிதானம். அனுபவசாலிகள் இவற்றை உயர்த்தி வைத்துக்கொண்டு கனரக ரயில் மாதிரி ஓட்டுவார்கள். என்எம்ஆர்ஏ கணக்குப்படி சிவி4-இல் 20 வைத்தால் முழு வேகத்திலிருந்து நிற்க ஏறக்குறைய 18 விநாடி ஆகும். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் இது கொஞ்சம் மாறும். புதியவர் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்புகிறார், ரயில் நிற்கவில்லை, பயந்து எதிர்ப்பக்கம் திருப்புகிறார், தடத்தின் முனையில் போய் மோதுகிறது. ஆகவே விருந்தாளிக்கு சிவி3-ஐக் கொஞ்சம் வைத்து, சிவி4-ஐ 2, 3 என்று குறைத்துவிடுங்கள். கிளம்புவது மெதுவாக, நிற்பது உடனே. எண்களைக் குழப்பிவிட்டால் பெரும்பாலான டீகோடர்களில் சிவி8-இல் 8 எழுதினால் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும். மாற்றுவதற்கு முன் பழைய எண்களைக் குறித்துவைப்பது புத்திசாலித்தனம்.

கூடுதல் கன்ட்ரோலர் வாங்கத் தேவையில்லை. கணினியில் ஜேஎம்ஆர்ஐ என்ற இலவச மென்பொருளை டிசிசி பெட்டியோடு இணைத்து வைஃபை கொடுத்தால், வந்தவர்கள் தங்கள் மொபைலையே கன்ட்ரோலராக்கிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டில் இன்ஜின் டிரைவர், ஐபோனில் வைத்ராட்டில் என்ற செயலிகள். மொபைலைத் தேடும் கையை அந்த மொபைலை வைத்தே பிடித்து உட்கார வைத்தாயிற்று! ஆனால் தொடுதிரையில் பார்க்காமல் வேகம் மாற்ற முடியாது. வேகன்களைப் பிரித்து அடுக்கும் ஷன்டிங் மாதிரி, கண் ரயிலில் இருக்க வேண்டிய வேலைக்குத் திருகும் குமிழ்தான் மேல்.

நண்பர் ஆசையாக எடுத்துவரும் பழைய டிசி இன்ஜினை டிசிசி தடத்தில் வைக்காதீர்கள். மோட்டார் கிறீச்சிடும், சூடேறும். கோர்லெஸ் (இரும்பு மையம் இல்லாத) மோட்டார் என்றால் கருகியே போகும். அவருக்காக ஒரு டிசி வட்டத்தைத் தனியாக வையுங்கள்.

ஐந்து வேகன் விளையாட்டு

சுற்றிச் சுற்றி ஓடுவதில் குழந்தைக்குக் கொஞ்ச நேரம் போகும், பெரியவர்களுக்குப் போகாது. பெரியவர்களுக்கு ஒரு கணக்கு வேண்டும். பிரிட்டனைச் சேர்ந்த ஆலன் ரைட் வகுத்த இங்கிள்நூக் சைடிங்ஸ் என்ற ஷன்டிங் புதிர் அதற்கென்றே அமைந்தது. இரண்டு பாயிண்ட், மூன்று சைடிங். நீளமானதில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. பாயிண்டுக்கு முன்னால் உள்ள முனைத்தடத்தில் இன்ஜினும் மூன்று வேகனும் மட்டும் அடங்கும். வேகன்கள் மொத்தம் எட்டு, எட்டும் வேறு வேறாக இருக்க வேண்டும்.

ஆரம்பத்தில் நீளச் சைடிங்கில் ஐந்தும் ஒரு குட்டைச் சைடிங்கில் மூன்றும் நிற்கின்றன. எட்டு வேகனுக்கும் எட்டுச் சீட்டு. குலுக்கி ஐந்தை எடுங்கள். எடுத்த வரிசையிலேயே அந்த ஐந்தையும் நீளச் சைடிங்கில் நிறுத்த வேண்டும், கையால் தூக்கக் கூடாது. சாத்தியமான வரிசைகள் 8 × 7 × 6 × 5 × 4, அதாவது 6,720. ஒரே ஆட்டம் திரும்ப வருவது அபூர்வம். பழகாதவருக்கு ஒரு ஆட்டம் இருபது நிமிடத்தைத் தாராளமாகத் தின்றுவிடும்.

கட்டும்போது அளவில் கவனம் வேண்டும். வேகன் ஒன்று 12 செ.மீ., இன்ஜின் 15 செ.மீ. என்றால் சைடிங்குகளுக்கு 60, 36, 36 செ.மீ., முனைத்தடத்துக்கு 51 செ.மீ. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிரண்டு செ.மீ. மட்டும் கூடுதல் விடுங்கள். சைடிங்கின் நீளத்தைப் பாயிண்டிலிருந்து அளக்கக் கூடாது. பக்கத்துத் தடத்தில் போகும் வேகன் உரசாமல் போகக்கூடிய இடம் எங்கே தொடங்குகிறதோ அங்கிருந்து அளக்க வேண்டும். அந்த இடத்தில் நிஜ ரயில்பாதையில் இருப்பது போல ஒரு சின்ன ஃபவுலிங் மார்க் வையுங்கள். பாயிண்டுகளையும் சேர்த்தால் 150 × 30 செ.மீ. பலகையில் முழு விளையாட்டும் அடங்கும். தாராள மனதோடு முனைத்தடத்தை நீட்டிவிடாதீர்கள். இன்னொரு வேகனுக்கு இடம் கிடைத்தால் புதிர் செத்துவிடும், அந்த நெருக்கடிதான் ஆட்டமே. சின்னவர்களுக்கு 3, 2, 2 என்று சைடிங்கைக் குறைத்து, முனைத்தடத்தில் இன்ஜினோடு இரண்டு வேகன், மொத்தம் ஐந்தில் மூன்றைச் சேர்க்கச் சொல்லலாம். அதில் 60 வரிசைகள்.

தனியாக ஆடுவதைவிட இருவராக ஆடுவது நல்லது. ஒருவர் டிரைவர், ஒருவர் ஷன்டர். டிரைவருக்குக் குமிழ் மட்டும். பாயிண்ட் மாற்றுவதும் கப்ளிங் கழற்றுவதும் ஷன்டர் வேலை. “தாத்தா, மெதுவா வாங்க… இன்னும் ரெண்டு விரக்கடை… ஒரு விரக்கடை… நிறுத்துங்க! ஒட்டிருச்சு” என்று பேத்தி உத்தரவு போட, தாத்தா கேட்டு நடக்கிற காட்சி வேறெந்த விளையாட்டிலும் கிடைக்காது.

கழற்றுவது சுலபமாக இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். வேகன்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வகைக் கப்ளிங், ஒரே உயரம். கேடி (Kadee) நிறுவன வகை என்றால் மூங்கில் குச்சியின் நுனியை இரண்டு கொக்கிகளுக்கு நடுவே மேலிருந்து விட்டு லேசாகத் திருகினால் பிரிந்துவிடும். குச்சியின் நுனியைத் திருப்புளி போலத் தட்டையாகச் சீவிக்கொள்ளுங்கள். வேகனைத் தூக்கிப் பிரிக்கும் பழக்கத்தை முதல் ஆட்டத்திலேயே தடுத்துவிடுங்கள்.

கொஞ்சம் தேறியவர்களுக்குச் சரக்குச் சீட்டு முறை இருக்கிறது. ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு அட்டை, அதில் எங்கிருந்து எங்கே என்ன சரக்கு என்று எழுதிய சீட்டு. ஆளுக்கு ஒரு ரயில், கையில் நாலு அட்டை, அவ்வளவுதான். நாலைந்து பேர் ஒரு மாலை முழுக்க ஓட்டலாம்.

ஓட்டப் பிடிக்காதவர்களும் உண்டு

எல்லோரும் கன்ட்ரோலரைப் பிடித்தாக வேண்டும் என்பதில்லை. 1946-இல் தொடங்கிய அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர்களின் மாடல் ரயில் கிளப்பிலேயே ஒரு கூட்டம் மேலே பெட்டிக்குச் சாயம் பூசிக்கொண்டிருக்க, இன்னொரு கூட்டம் மேஜைக்கு அடியில் சிக்னல் ஒயரும் ரிலேவுமாகக் கிடந்தது. அடியில் கிடந்தவர்கள்தான் பிற்பாடு கணினி உலகில் ஹேக்கர் என்ற சொல்லுக்கே பேர் வாங்கித் தந்தார்கள். வீட்டிலும் அப்படித்தான். ஒருவருக்கு ஒயரிங், ஒருவருக்கு மனித உருவங்களுக்கு வண்ணம் தீட்டுவது, ஒருவருக்கு மொபைல் கேமராவைத் தலைகீழாகத் தண்டவாள மட்டத்தில் வைத்துப் படம் எடுப்பது.

ஜல்லி ஒட்டுவது யாரிடமும் கொடுக்கக்கூடிய வேலை. ஜல்லியைக் கரண்டியால் தூவி, தூரிகையால் சமப்படுத்தி, முதலில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரைத் தெளித்து நனைக்க வேண்டும். பிறகு வெள்ளைப் பசையில் சம அளவு தண்ணீர் கலந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நனைக்காமல் பசையை விட்டால் அது உருண்டு திரண்டு ஜல்லியையும் இழுத்துக்கொண்டு போகும். இரவு முழுக்கக் காயட்டும். பாயிண்டின் நாக்கு இருக்கும் பகுதியை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள். ஒரு சொட்டுப் பசை போதும், பாயிண்டையே மாற்ற வேண்டியதாகிவிடும்.

நண்பர்கள் ஆளுக்கொரு துண்டு

ஒரே இடத்தில் பெரிய லேஅவுட் கட்ட யாரிடமும் இடம் இல்லை என்றால் டி-ட்ராக் முறை கைகொடுக்கும். ‘என்’ (N) அளவில், மேஜைமேல் வைக்கும் சிறு பெட்டிகள். அடிப்படைப் பெட்டி 308 மி.மீ. நீளம். அதன்மேல் காட்டோ நிறுவனத்தின் யூனிட்ராக் தண்டவாளத்தில் 248, 62 மி.மீ. துண்டுகளைச் சேர்த்து 310 மி.மீ. தடம். தடம் இருபக்கமும் ஒரு மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் பெட்டிகள் இடிக்கும் முன்பே தண்டவாளங்கள் சேர்ந்துகொள்ளும். இரட்டைத் தடத்தின் இடைவெளி 33 மி.மீ., மூலைப் பெட்டியில் 282, 315 மி.மீ. ஆர வளைவுகள். ஆறு நண்பர்கள் ஆளுக்கொரு நேர்ப் பெட்டி செய்து, நாலு மூலைகளைப் பொதுவில் செய்துகொண்டால் சுமார் 166 × 73 செ.மீ. சாப்பாட்டு மேஜையில் முழு வட்டம் முடிந்தது. ஒவ்வொருவர் பெட்டியிலும் அவரவர் ஊர், அவரவர் காடு.

தகராறு வருவது ஒயரில்தான். வெளிக்கம்பிகள் இரண்டும் நீலம், உள்கம்பிகள் இரண்டும் வெள்ளை என்பதுதான் ஒப்பந்தம். யாராவது ஒருவர் மாற்றி இணைத்திருந்தால் எல்லாவற்றையும் சேர்த்த நிமிடம் ஷார்ட் ஆகும், யாருடையது என்று தேட அரைமணி போகும். சேர்ப்பதற்கு முன் ஒவ்வொரு பெட்டியையும் மல்டிமீட்டரால் தொட்டுப் பாருங்கள். நாலு மூலையிலும் உயரம் திருத்தும் போல்ட் இல்லாத பெட்டியைச் சேர்க்காதீர்கள். எல்லா மேஜையும் கொஞ்சம் கோணல்தான்.

பிள்ளைகளோ நண்பர்களோ இதில் விழுந்துவிட்டார்கள் என்று தெரிந்தால், உடனே பெரிய செட் வாங்கித் தருவதைவிடக் கடன் கொடுப்பது மேல். ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் டிசி கன்ட்ரோலர், போகி டீசல் ஒன்று, நான்கு வேகன், 45 டிகிரி வளைவு எட்டு, நேர்த்தடம் நான்கு, சாய்வுப் பலகை, ஒரு துணி, சின்னப் புட்டியில் ஆல்கஹால். எல்லாவற்றையும் பரப்பி ஒரு புகைப்படம் எடுத்து மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள், திரும்பி வரும்போது எது குறைகிறது என்று அவர்களுக்கே தெரியும். உதிரியாக நாலு ஃபிஷ்பிளேட் போட மறக்காதீர்கள். முதலில் தொலைவது அதுதான்.